ஆய்வு வயலில் ஒரு சோடிச் செருப்பு

மாணவிகள் விடுதி,
விவசாய பீடம்.
04.06.2025

திரு. க. பாலன்,
பத்தாம் வாய்க்கால், உருத்திரபுரம்.

ஐயா,

என் பெயர் நிறஞ்சனா. விவசாய பீடத்தில் இறுதி வருடம் படிக்கிறேன். மே 30ஆம் திகதி எங்கள் வளாகத்தில் நடந்த கண்காட்சிக்கு உங்கள் கமக்காரர் அமைப்பிலிருந்து இரண்டு வான்களில் இருபத்திரண்டு பேர் வந்தீர்கள். உங்களைச் சுற்றிக் காட்டியது நான். நீலச் சேலை கட்டி, வேலை செய்யாத ஒலிவாங்கியைத் தட்டித் தட்டி முன்னுக்கு நடந்தவள் என்றால் ஞாபகம் வரும்.

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு என்னுடைய ஆய்வு வயலுக்குப் போனேன். வரம்பின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. யாரோ மடையை வெட்டி விட்டிருந்தார்கள்.

தண்ணீர் விட்டால் நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆகவே விளக்கமாக எழுதுகிறேன். அந்த வயலில் நான்கு இன நெல் நட்டிருந்தேன். கதிர் வருகிற பருவத்தில் பதினாறு நாள் தண்ணீரை மறித்து, எந்த இனம் தாங்குகிறது, எது சாகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. அந்தப் பயிர் வாடத்தான் வேண்டும். அது வாடுவதை நான் ஒவ்வொரு காலையும் இலை இலையாக அளந்து எழுதினேன். மே 30 பதினோராம் நாள். தண்ணீர் ஏறியதோடு அந்தப் பதினொரு நாளும் போயிற்று. மார்ச் மாதம் முதல் செய்த வேலையும் அதோடு போயிற்று.

என் மேற்பார்வையாளர் சிவனேஸ்வரி மிஸ் சொன்னது இதுதான்: வெளியிலிருந்து வந்த ஒருவர் தெரியாமல் செய்தது என்றால், அவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று ஜூன் 20ஆம் திகதிக்குள் வர வேண்டும். வந்தால் ஆய்வைத் திரும்பச் செய்ய விடுவார்கள். வராவிட்டால் அது என் கவனக்குறைவு. என் வகுப்பு பட்டம் வாங்கும்போது நான் கீழ் வகுப்போடு இருந்து திரும்பப் படிப்பேன்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், வயல் வரம்பில் ஒரு சோடிச் செருப்பு கிடந்தது. மண்ணிறம், எட்டாம் அளவு. இடது வார் அறுந்து பச்சை நைலோன் நூலால் தைத்திருக்கிறது. உங்கள் வான் சாரதியைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "பாலண்ணைதான் வெறுங்காலோட ஏறினவர். கேட்டதுக்கு, காலுக்குக் கொஞ்சம் காத்துப் படட்டும் எண்டவர்" என்றார். வருகைப் பதிவேட்டில் உங்கள் முகவரி இருந்தது. நீங்கள் எழுதிய தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் வவுனியாவில் மரம் அரிந்து விற்கிற ஒரு மரக்காலைக்குப் போகிறது. அதனால்தான் கடிதம்.

கடிதத்தை எதிர்பார்க்கிறேன். செருப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ம. நிறஞ்சனா


உருத்திரபுரம்
09.06.2025

நிறஞ்சனா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் முறை வைத்து விடுகிற நேரம் என்பதால் உடனே எழுத முடியவில்லை. எங்கள் வாய்க்காலுக்குக் கிழமையில் இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளும் எனக்குப் பேனையும் இல்லை, பேப்பரும் இல்லை.

உங்களுக்கு நடந்தது கவலையான விஷயம். ஆனால் ஆளை மாற்றி எழுதிவிட்டீர்கள். நான் அந்த வயல் பக்கம் வரவே இல்லை. வானில் வெறுங்காலோடு ஏறினேன் என்பது உண்மை. எனக்குக் குதிக்காலில் ஆணி. நடந்தால் வலிக்கும். உங்கள் வளாகத்தில் வாசலில் இருந்து விடுதிவரை நடக்கவே கால் மணித்தியாலம் வேண்டும். மண்ணிறச் செருப்பு கிளிநொச்சிச் சந்தையில் ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள். தொலைபேசி இலக்கம் போன வருடம் மாறியது. பழையதை எழுதியது என் பிழை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பொதுவாக ஒன்று மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர் அந்த வழியால் போயிருப்பார். பயிர் குடலை தள்ளி நிற்கிறது. இன்னும் ஐந்தாறு நாளில் கதிர் வெளியே வந்திருக்கும். மண் வெடித்து, வெடிப்புக்குள் ஒரு கை போகும். இரண்டு அடி தள்ளி வாய்க்காலில் தண்ணீர் சும்மா ஓடுகிறது. சுற்றிவரப் பார்த்தால் ஒரு மனிதர் இல்லை, எல்லோரும் மண்டபத்தில் பாட்டுக் கேட்கிறார்கள். பலகையும் ஒன்றும் இல்லை. அந்த மனிதர் என்ன செய்வார்? நீங்கள் விவசாயம் படிக்கிறவர், உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நல்ல நோக்கத்தோடு செய்திருப்பார்.

உங்கள் படிப்பு நல்லபடி முடிய வேண்டுகிறேன்.

க. பாலன்


மாணவிகள் விடுதி
12.06.2025

ஐயா,

நீங்கள் அந்த வயல் பக்கம் வரவே இல்லை. ஆனால் பயிர் குடலைப் பருவம் என்று தெரியும். வெடிப்புக்குள் ஒரு கை போகும் என்று தெரியும். வாய்க்கால் இரண்டு அடி தள்ளி என்றும் தெரியும். நான் அளந்து பார்த்தேன், இரண்டடி மூன்று அங்குலம். உங்கள் கடிதத்தையே சிவனேஸ்வரி மிஸ்ஸிடம் கொடுத்தால் போதும் என்று என் அறைத் தோழி சொல்கிறாள். அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

பலகை இருந்தது. மூன்றடிப் பலகை. "ஆய்வு நடைபெறுகிறது. தண்ணீர் விட வேண்டாம்" என்று சிவப்பு மையால் நானே எழுதியது. இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்?

நான் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை இல்லை. ஊர் அளம்பில் என்ற கரையோரக் கிராமம். அப்பா மரியநாயகம் கடலுக்குப் போகிறவர். நெல் எப்படி முளைக்கிறது என்பதை இங்கே முதலாம் வருடத்தில் தட்டில் பஞ்சு போட்டுத்தான் முதன்முதலில் பார்த்தேன். வகுப்பில் இருந்த கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அதற்காகவே யாரும் விரும்பாத இந்த ஆய்வை எடுத்தேன். பயிரைச் சாகவிட்டு எழுதுவதற்கு மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்று மிஸ் சொன்னா. பாராட்டா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா பட்டமளிப்புக்கு உடுக்கவென்று சேலை எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டா. மாதா கோவிலில் பூசைக்கும் சொல்லியாயிற்று. இது ஒன்றையும் நான் வீட்டில் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நான் உங்களிடம் கேட்பது நாலு வரியும் ஒரு கையெழுத்தும்.

ம. நிறஞ்சனா


உருத்திரபுரம்
15.06.2025

பிள்ளை நிறஞ்சனாவுக்கு,

நான்தான் வெட்டினேன்.

முதல் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு நேசமலருக்கு வாசித்துக் காட்டினேன். நேசமலர் என் மனைவி. "இதை வாசிக்கிற சின்னப் பிள்ளைக்கும் விளங்கும், நீங்கள்தான் எண்டு. அதைவிடச் சும்மா ஓம் எண்டு எழுதுங்கோவன்" என்றா. நான் கேட்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று நீ எங்களை அந்தப் பழைய படங்கள் மாட்டிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். வளாகம் முதலில் மூன்று கட்டடமும் ஒரு பண்ணையுமாகத் தொடங்கியது. சண்டை வந்ததும் லொறியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய், யாருடையவோ பள்ளிக்கூட மண்டபத்தில் வகுப்பு நடத்தியது. பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது சுவர் மட்டும் நின்றது. இப்போது ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிப்பது. எல்லாம் மனப்பாடமாகச் சொன்னாய். நன்றாகத்தான் சொன்னாய். நடுவில் ஒரு வரி வந்தது. "ஆய்வு வயலில நிண்ட பயிரை அப்பிடியே விட்டிட்டு எல்லாரும் வெளிக்கிட்டவை" என்றாய். அது என்ன நெல் என்று கேட்டேன். "அது எழுதியில்லை ஐயா" என்று சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாய்.

நீ சிரித்ததில் கோபமில்லை. உனக்கு அது பிறக்க முந்திய கதை. எனக்கு அது தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம். கலியாணம் முடித்து நான் தனியே செய்த முதல் சிறுபோகம். இதே பத்தாம் வாய்க்கால், மூன்று ஏக்கர், பயிர் குடலை. ஷெல் விழத் தொடங்கியதும் சைக்கிளில் இரண்டு உரப்பையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். அடுத்த நாள் எங்கள் முறைத் தண்ணீர். மடையைத் திறக்க ஆள் இல்லை. ஒரு மணித்தியாலம் முந்தித் திறந்துவிட்டுப் போயிருக்கலாம். செய்யவில்லை. மரத்தடியில் இருந்த நாள் எல்லாம் இன்றைக்கு எத்தனையாம் நாள், இன்னும் உயிரோடு நிற்குமா என்று நினைத்தேன். பிறகும் பல தரம் இடம்பெயர்ந்தோம், இதைவிடப் பெரிதாக எல்லாம் இழந்தோம். அவைகளைப் பற்றி எழுத மாட்டேன். ஆனால் கனவில் வருகிறது அந்தப் பயிர்தான். ஏன் என்று எனக்கே தெரியாது.

அன்று நீ சொல்லி அரை மணித்தியாலத்தில் கழிவறை தேடிப் போன இடத்தில் அந்த வயலைக் கண்டேன். திரும்பவும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மடத்தனம்தான். செருப்போடு வயலுக்குள் இறங்குகிற வழக்கம் எங்களுக்கு இல்லை, கழற்றி வரம்பில் வைத்தேன். மண்வெட்டி இல்லை, கையால்தான் வெட்டினேன். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். வான்காரன் ஹோர்ன் அடித்தான், மற்றப் பக்கத்து வரம்பால் ஓடினேன். பாதி வழியில்தான் வெறுங்கால் என்று தெரிந்தது.

இனி முக்கியமான விஷயம். என் மகள் கஜனி உங்கள் பீடத்தில் முதலாம் வருடம். அவளுக்கு இது தெரியாது. தகப்பன் வந்து இறுதி வருடத்து அக்காவின் ஆய்வைக் கெடுத்தான் என்று என் கையெழுத்தோடு ஒரு கடிதம் அந்தக் கந்தோரில் கிடந்தால், மூன்றரை வருடம் அவள் அங்கே எப்படி இருப்பாள்? பகிடிவதை என்று பேப்பரில் வருவதை எல்லாம் நானும் வாசிக்கிறேன். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவளுக்குச் சொல்லாதே.

வேறு என்ன உதவியும் கேள், செய்கிறேன். கையெழுத்து மட்டும் கேட்காதே.

பாலன்

பலகை இருக்கவில்லை, பிள்ளை. நான் வாசிக்கத் தெரிந்தவன்.


மாணவிகள் விடுதி
17.06.2025

ஐயா,

பலகை இருக்கவில்லை.

இந்த வரியை எழுத ஒரு இரவு முழுக்க எடுத்தது. கண்காட்சிக்கு எங்கள் குழுவின் மேசை வெறுமையாக இருந்தது. தேனுகா சொன்னாள், "உன்ரை பலகை வடிவா இருக்கு, கொண்டு வாவன், ஒரு நாளைக்குத்தானே" என்று. நானும் பிடுங்கிக்கொண்டு போனேன். மேசையில் சாய்த்து வைத்து, பக்கத்தில் பூச்சாடியும் வைத்தோம். படம்கூட எடுத்தோம். அந்தப் படம் என் போனில் இருக்கிறது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் நான் "தண்ணீர் விட வேண்டாம்" என்ற பலகைக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மிஸ்ஸிடம் பலகை இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறேன். பின்னேரமே திரும்ப நட்டுவிட்டேன், ஒருவரும் கவனிக்கவில்லை. ஆகவே நீங்கள் உண்மையை எழுதினால் பலகை இல்லை என்று வரும், அது என் கவனக்குறைவு. பலகை இருந்தது என்று பொய் எழுதினால் நீங்கள் வேண்டுமென்று செய்தவர் ஆகிவிடுவீர்கள். இரண்டையும் உங்களிடம் கேட்க எனக்கு வாய் இல்லை.

கஜனியைத் தெரியும். என் அறைக்கு எதிர் அறை. தலை முழுகினால் குளியலறையை விட்டு வெளியே வரமாட்டாள், மற்றபடி நல்ல பிள்ளை. நான் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எந்தக் கந்தோரிலும் உங்கள் பெயரை நான் இதுவரை கொடுக்கவில்லை. ஆனால் செருப்பு விஷயம் வளாகம் முழுக்கத் தெரியும். யாருடையது என்று மட்டும் தெரியாது.

அந்தப் படங்கள் உள்ள அறையில் நான் சொன்னது ஒரு தாளில் தட்டச்சு செய்து தந்ததை. நாலு வருடமாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் என்ன நெல் என்று கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அது இப்போது வெட்கமாக இருக்கிறது.

20ஆம் திகதி காலையில் நானே போய்ப் பலகையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம்.

நிறஞ்சனா


உருத்திரபுரம்
19.06.2025

பிள்ளைக்கு,

இன்று கிளிநொச்சி போய்ப் பதிவுத் தபாலில் போட்டால் நாளைக்குள் வராது என்று தபால் கந்தோரில் சொன்னார்கள். அதனால் நேரே வளாகத்துக்கு வந்து திணைக்களத்தில் கொடுத்துவிட்டேன். உன்னைத் தேடவில்லை, கஜனி கண்டுவிடுவாள் என்று பின் வாசலால் வந்து பின் வாசலால் போனேன். காவலாளி என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிரதியை இதோடு வைக்கிறேன்.

"திணைக்களத் தலைவர் அவர்களுக்கு. கடந்த மே 30ஆம் திகதி தங்கள் வளாகத்துக்கு வந்த நான், மாணவி ம. நிறஞ்சனாவின் ஆய்வு வயலின் மடையை வெட்டித் தண்ணீர் விட்டேன். யாரும் என்னை விடச் சொல்லவில்லை. அது ஆய்வு என்று எனக்குத் தெரியாது. அங்கே பலகை இருந்ததா என்ற கேள்வி வரும். அதற்கு என் பதில்: பலகை இருந்திருந்தாலும் வெட்டியிருப்பேன். எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் குடலைப் பயிர் சாகிறதைப் பார்த்துக்கொண்டு போகத் தெரியாது. ஆகவே பலகையை வைத்து அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஆய்வைத் திரும்பச் செய்ய வளாகத்தில் இடம் இல்லை என்றால், பத்தாம் வாய்க்காலில் என் வயலில் கால் ஏக்கர் தருகிறேன். க. பாலன்."

திணைக்களத்தில் அதை வாங்கிய பெரியவர் இரண்டு தரம் வாசித்தார். "ஐயா, இந்தக் கடைசி வரியை யோசிச்சுத்தான் எழுதினீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

கஜனிக்கு எப்படித் தெரியவருமோ தெரியாது. தெரியவந்தால் வரட்டும். உன் பக்கத்தில் உள்ள பிழையை நீயே போய்ச் சொல்வதாக எழுதினாய். அதை வாசித்த பிறகு நான் வீட்டில் இருந்தால் நேசமலருக்கு முகம் கொடுக்க முடியாது.

பாலன்


மாணவிகள் விடுதி
05.07.2025

அன்புள்ள பாலன் ஐயாவுக்கு,

ஆய்வைத் திரும்பச் செய்ய விட்டுவிட்டார்கள். பலகைக்கு எனக்குத் தனியாக ஏச்சு விழுந்தது, எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. அது நியாயம். நவம்பருக்குள் ஆய்வை முடித்துக் கொடுத்தால் என் வகுப்போடு பட்டம் பெறலாம்.

வளாகத்துப் பண்ணையில் உண்மையாகவே இடம் இல்லை. சிவனேஸ்வரி மிஸ் போன கிழமை உங்கள் வயலைப் பார்த்துவிட்டு வந்து, "மண் நல்லம், வாய்க்காலும் பக்கத்தில. ஆனா அந்தாளைத்தான் யோசிக்கிறன்" என்றா. நாற்று வளர்த்தாயிற்று. வருகிற வியாழக்கிழமை நடுவோம். ஓகஸ்ட் 10ஆம் திகதி மடையை அடைக்க வேண்டும். பதினாறு நாள். நான் கிழமையில் நாலு நாள்தான் வரலாம், மற்ற நாளில் நீங்கள் பார்த்து எழுத வேண்டும். ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. உங்களால் முடியுமா என்று மிஸ் கேட்கச் சொன்னா. எனக்கும் அதே கேள்விதான்.

இன்னொரு விஷயம். விதைக் களஞ்சியத்தில் மாயாண்டி என்று ஒரு தொழிலாளி இருக்கிறார். பண்ணை தொடங்கிய காலத்தில் இருந்தவர், ஓய்வு பெற்றும் வந்து போகிறார். உங்கள் கேள்வியை அவரிடம் கேட்டேன். நாலு வருடம் அவரைக் கடந்து போயிருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் உடனே சொன்னார்: "பேரில்லை, நம்பர் போட்ட நெல்லுத்தான், மூண்டரை மாசம், வெள்ளை. ஆர் சொன்னது விட்டிட்டுப் போனது எண்டு? எல்லாரும் லொறியில ஏறேக்க நான் ஓடிப் போய் மடையைத் திறந்து விட்டிட்டுத்தான் வந்தனான். ஒரு கிழமையில திரும்பி வருவம் எண்டு நினைச்சம்." திரும்பி வர எவ்வளவு காலம் போனது என்று கேட்டேன். அவர் சாக்கை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

அறையில் உள்ள தாளில் அந்த வரியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. நான் சொல்லும்போது மாற்றித்தான் சொல்கிறேன்.

நிறஞ்சனா


உருத்திரபுரம்
24.08.2025, ஞாயிறு

பிள்ளைக்கு,

இன்று பதினைந்தாம் நாள். இதைக் கஜனியின் கையில் கொடுத்து விடுகிறேன். ஏன் அவள் கையில் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீ கொடுத்த கொப்பியில் நீ வராத நாளுக்கெல்லாம் எழுதியிருக்கிறேன். இலை சுருளுகிறது, விரிகிறது, நுனி காய்கிறது எல்லாம் அதில் இருக்கிறது. அதில் எழுத இடம் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

மூன்றாம் நாளில் இருந்து வரம்பில் ஒரு கதிரையைப் போட்டு இருக்கிறேன். நாலு பக்கமும் பச்சை, நடுவில் என் கால் ஏக்கர் மட்டும் சாம்பல். ரோட்டால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறார்கள். "பாலண்ணை கமத்தை விட்டிட்டு வெய்யிலுக்குச் சோறு போடுறார்" என்று கடையில் கதையாம். ஐந்தாம் நாள் நானே எழும்பிப் போய் மண்வெட்டியைத் தேடினேன். வீட்டில் இல்லை. நேசமலர் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. சேலை எல்லாம் சேறு. கோபப்பட்டேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை. முறை பார்க்கிற சாருஜன் வந்தான். நான் தேத்தண்ணீர் குடிக்க வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மடைக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறான், கையில் மண்வெட்டி, செருப்பு வரம்பில். நான் கத்திய கத்தில் கொக்கு எல்லாம் எழும்பியது. "பலகையைக் காணேல்லையோ, உனக்கு வாசிக்கத் தெரியாதோ?" என்று கேட்டேன். "வாசிச்சனான் அண்ணை. ஆனாப் பயிரைப் பாருங்கோவன்" என்றான். அவன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி வைத்தேன். இரண்டு பேரும் வரம்பில் கொஞ்ச நேரம் இருந்தோம். அன்றைக்குப் பிறகு தேத்தண்ணீர் வயலுக்கு வருகிறது.

நேற்றுக் கஜனி வீட்டுக்கு வந்தாள். வயலைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஏன் இதைச் சாக விட்டிருக்கிறீங்கள்?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தச் செருப்பு ஐயா நீங்களே?" என்றாள். வளாகத்தில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு அது ஒரு பகிடிக் கதையாம். இரண்டரை மாதமாக மற்றவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்திருக்கிறாள். பிறகு கொஞ்சம் அழுதாள், பிறகு திரும்பவும் சிரித்தாள். எதிர் அறை அக்காவுக்கு இது எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். ஜூன் மாதம் என்றேன். "ஒரு சொல்லுக் கதைக்கேல்லையே அவா" என்றாள். உன்னோடு கதைக்க வருவாள்.

இனி எனக்குள் இருக்கிறதைச் சொல்கிறேன். இந்தப் பதினைந்து நாளும் எனக்கு லேசாக இருக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் காதில் விழ விழ, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நாலு இனத்துக்கும் பிரித்த நாலு துண்டில், இரண்டாம் துண்டு ஒன்பதாம் நாள் விழுந்தது, முதலாம் துண்டு பன்னிரண்டில். மூன்றாம் துண்டு பாதி. நாலாம் துண்டை இன்று காலை போய்ப் பார்த்தேன். வெளி இலை எல்லாம் சருகு. குனிந்து கையால் விலக்கிப் பார்த்தேன், நடுவில் இலை பச்சை. குடலை கிழிந்து கதிர் முனை தெரிகிறது.

பதினைந்தாம் நாள், பிள்ளை. தொண்ணூற்றாறில் நான் விட்டுப் போனது எத்தனையாம் நாள் செத்தது என்று இருபத்தொன்பது வருடமாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. அது மூன்றாம் நாளே போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் நான் மரத்தடியில் இருந்து எண்ணிய நாளில் அரைவாசியாவது அது நின்றிருக்கும்போல. அது எனக்கு ஆறுதலா, இன்னும் கூடின கவலையா என்று தெரியவில்லை. தெரிந்ததே போதும் என்று படுகிறது.

நாளை பதினாறு. நாளன்றைக்குச் செவ்வாய் காலை வா. மாயாண்டியாரையும் ஏலுமென்றால் கூட்டிக்கொண்டு வா, மடை அவர் வெட்டட்டும். வரும்போது என் செருப்பையும் கொண்டுவா.

நீ வரும்வரை மடை அடைத்தபடிதான் இருக்கும். மண்வெட்டி இன்னும் அலுமாரிக்குள். திறப்பு நேசமலரிடம். எனக்குத் தர மாட்டாவாம், நீ வந்து கேட்டால்தான் தருவாவாம்.

பாலன்